எந்தப் பதிப்பில் ஓடும்? திறமூல மென்பொருளின் ரன்டைம் பொருத்தப் பிழைகள், அறிகுறி வாரியாக

ரீட்மீயில் "பைத்தான் 3 தேவை" என்று ஒரு வரி இருக்கும். தொகுப்பின் மெட்டாடேட்டா (தொகுப்போடு வரும் விவரக் குறிப்பு) 3.8 என்று சொல்லும். கன்டெய்னரைக் கட்டும் கோப்பான டாக்கர்ஃபைலில் 3.9 இருக்கும். சிஐ (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு) சோதிப்பதோ 3.11ஐ மட்டும். ஒரே மென்பொருள் எந்த ரன்டைமில், அதாவது நிரலை ஓட்டும் பைத்தான், நோட், ஜாவா போன்றவற்றின் எந்தப் பதிப்பில், ஓடும் என்பதைப் பற்றி நான்கு இடங்களில் நான்கு விதமான பேச்சு. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த முரணில் பிறப்பவை. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் இரண்டு வேலைகள் இருக்கின்றன: பயனர் இப்போதைக்குச் செய்துகொள்ள வேண்டியது ஒன்று, பராமரிப்பாளர் ஆவணத்திலும் மெட்டாடேட்டாவிலும் திருத்த வேண்டியது மற்றொன்று. இரண்டாவது நடக்காவிட்டால் முதலாவதை ஒவ்வொரு பயனரும் தனித்தனியாகத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில்: உண்மையில் ஓடுவது எது?

டெர்மினலில் "பைத்தான் --வெர்ஷன்" காட்டும் எண்ணை மட்டும் நம்பி ஆரம்பிக்க வேண்டாம். தொகுப்புகளை நிறுவும் பிப் வேறொரு பைத்தானுடையதாக இருக்கலாம். "பிப் --வெர்ஷன்" என்று கேட்டால், அது எந்த அடைவில் இருக்கிறது, எந்தப் பைத்தானுக்கு உரியது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடும். ஜாவாவிலும் இதே கதைதான். "ஜாவா -வெர்ஷன்" ஒன்றைக் காட்டும். ஜாவா திட்டங்களைக் கட்டும் மேவன், ஜாவா_ஹோம் என்ற சூழல் மாறி சுட்டும் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். "எம்விஎன் -வெர்ஷன்" போட்டால் வித்தியாசம் தெரியும். என்விஎம் கருவியை வைத்து நோட் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் ரன்டைம்) பதிப்புகளை மாற்றுபவர்கள், புதிய டெர்மினல் திறந்ததும் இயல்புநிலைப் பதிப்பு வந்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பராமரிப்பாளர்கள் புகார் பதியும் இஷ்யூ படிவத்திலேயே இவற்றைக் கேட்டுவிடலாம்: ரன்டைமின் முழு எண் (3.11 என்றால் போதாது, 3.11.4 என்று வேண்டும்), தொகுப்பின் பதிப்பு, இயங்குதளம், செயலி வகை, நிறுவிய கருவியும் அதன் பதிப்பும். லினக்ஸ் என்றால் "எல்டிடி --வெர்ஷன்" காட்டும் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நிரலகம்) எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த விவரங்கள் முதல் செய்தியிலேயே வந்துவிட்டால் பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

அறிகுறி: தொகுப்பு இருக்கிறது, பிப் மட்டும் "பொருந்தும் பதிப்பு கிடைக்கவில்லை" என்கிறது

புதிய பிப் என்றால் பிழைக்கு மேலே இன்னொரு வரி இருக்கும்: வேறு பைத்தான் பதிப்பு தேவைப்படுவதால் இன்னின்ன வெளியீடுகள் விலக்கப்பட்டன என்ற பட்டியல். அதில் உங்களுக்கு வேண்டிய வெளியீடு இருந்தால் காரணம் தெளிவு, பைத்தானை மாற்றுங்கள். அந்த வரியே இல்லையென்றால் உங்கள் இயங்குதளத்துக்கு வீல் கோப்பு (முன்பே கட்டிவைத்த தொகுப்பு) இல்லாமல் இருக்கலாம், அல்லது பெயரைத் தவறாகத் தட்டியிருக்கலாம்.

3.11.4 வைத்திருக்கும் பயனர், "ஆவணம் 3.11 வரை என்கிறதே, என்னை ஏன் மறுக்கிறது?" என்று கேட்டால், மெட்டாடேட்டாவின் ரிக்வயர்ஸ்-பைத்தான் வரியைத் திறந்து பாருங்கள். "<=3.11" என்று எழுதியிருப்பார்கள். பைத்தானின் பதிப்பு விதிப்படி 3.11 என்பதும் 3.11.0 என்பதும் ஒன்று, 3.11.4 அதைவிடப் பெரியது, எனவே விலக்கப்படும். "==3.11" இன்னும் மோசம், 3.11.0ஐ மட்டுமே ஏற்கும். 3.11 வரிசை முழுவதும் வேண்டுமென்றால் "<3.12" என்றோ "==3.11.*" என்றோ எழுத வேண்டும். அலைக்குறியிலும் கவனம் தேவை: "~=3.8" என்பது 3.8 முதல் 4க்குக் கீழ் உள்ள அனைத்தையும் ஏற்கும், "~=3.8.0" என்பது 3.8 வரிசையோடு நின்றுவிடும். ஒரு புள்ளியும் ஒரு பூஜ்யமும் சேர்ந்து இத்தனை பதிப்புகளை வெட்டிவிடுகின்றன.

அறிகுறி: பிழையே இல்லை, ஆனால் மிகப் பழைய வெளியீடு நிறுவப்படுகிறது

இதுதான் பயனரை அதிக நேரம் அலைக்கழிக்கும் பிழை. புதிய பைத்தானில் நிறுவுகிறார். அண்மைய வெளியீட்டுக்குப் பதிலாகப் பல ஆண்டுகள் பழையது இறங்குகிறது. சில சமயம் அதற்கு வீல் இல்லாததால் மூலக்குறியீட்டிலிருந்து கம்பைல் ஆகத் தொடங்கி, தொடர்பே இல்லாத ஒரு சி பிழையில் போய் நிற்கிறது.

காரணம் மேல்வரம்பு. பராமரிப்பாளர் 2.5 வெளியீட்டில் "<3.12" என்று எச்சரிக்கையாக எழுதியிருக்கிறார். 2.1இல் அப்படி எழுதவில்லை. பிப் 3.12இலிருந்து பார்க்கும்போது 2.5 ஒத்துவராது, 2.4 ஒத்துவராது என்று பின்னோக்கி நகர்ந்து, வரம்பு எழுதாத 2.1ஐப் பிடித்துக்கொள்கிறது. 2.1 புதிய பைத்தானுக்குப் பொருந்துவதால் தேர்வானதில்லை. பொருந்தாது என்று யாரும் அதில் எழுதவில்லை, அவ்வளவுதான். வெளியிட்ட கோப்பின் மெட்டாடேட்டாவைப் பிறகு திருத்தவும் முடியாது.

பயனர் குறைந்தபட்ச எண்ணைச் சொல்லி நிறுவலாம்: "தொகுப்பு>=2.5". அப்போது பழையதற்கு நழுவாமல் பிழை நேரடியாக வெளிப்படும்.

பராமரிப்பாளருக்கு: கீழ்வரம்பு கட்டாயம் எழுதுங்கள். மேல்வரம்பை, முறிகிறது என்று உறுதியாகத் தெரியாதவரை எழுதாதீர்கள். "இன்னும் சோதிக்கவில்லை" என்பதைச் சொல்ல வேண்டிய இடம் ஆவணம். நிறுவலைத் தடுக்கும் வரி அதற்கான இடமில்லை. மேல்வரம்பு தொற்றவும் செய்யும். ஒரு டிபெண்டென்சி (உங்கள் திட்டம் சார்ந்திருக்கும் தொகுப்பு) "<3.12" என்றால், தொகுப்புகளை நிர்வகிக்கும் பொயட்ரி கருவி உங்கள் திட்டத்தின் வரம்பையும் அதற்குள் சுருக்கச் சொல்லும், உங்களைச் சார்ந்தவர்களுக்கும் அது நீளும். விதிவிலக்கு உண்டு. நம்பா போன்ற நிரலகங்கள், பைத்தான் உள்ளுக்குள் உருவாக்கும் இடைநிலைக் குறியீடான பைட்கோடையே வாசிப்பவை. ஒவ்வொரு புதிய பைத்தானுக்கும் தனி வேலை செய்தாக வேண்டும் என்பதால் அங்கே மேல்வரம்பு நியாயமானது.

இன்னொன்று: "புரோகிராமிங் லாங்குவேஜ் :: பைத்தான் :: 3.12" போன்ற வகைப்பாட்டு வரிகளைப் பிப் கண்டுகொள்வதே இல்லை. அவை படிப்பவருக்கான தகவல். அவற்றை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

அறிகுறி: நிறுவல் முடிந்தது, இம்போர்ட்டில் விழுகிறது

"டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை" என்று வந்தால் பைத்தான் 3.12 அல்லது அதற்குப் பிந்தையது. அந்தப் பதிப்பில்தான், தொகுப்புகளைக் கட்ட உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டது. இம்ப், ஏசின்கோர், ஏசின்சாட், எஸ்எம்டிபிடி ஆகியவையும் அதிலேயே போயின. 3.12 முதல் வென்வ் உருவாக்கும் தனிச் சூழலில் செட்அப்டூல்ஸ் என்ற கட்டும் கருவியும் தானாக வராது. அதனால் செட்அப்டூல்ஸை நிறுவினாலே பல பழைய தொகுப்புகள் தற்காலிகமாக ஓடிவிடும், ஏனென்றால் டிஸ்ட்யூட்டில்ஸின் ஒரு படி அதனுள் இருக்கிறது. "சிஜிஐ இல்லை" என்று வந்தால் 3.13. "கலெக்‌ஷன்ஸில் மேப்பிங் இல்லை" என்று வந்தால் 3.10 அல்லது அதற்கு மேல்.

இவற்றை ஆவணத்தில் பதியும்போது "3.12இல் வேலை செய்யாது" என்று மட்டும் எழுதினால் போதாது. பயனர் தேடுபொறியில் ஒட்டப்போவது பிழைச்செய்தியை. அந்தச் செய்தியை எழுத்துக்கு எழுத்து ஆவணத்தில் வையுங்கள். பக்கத்திலேயே எந்த வெளியீட்டில் சரிசெய்யப்பட்டது என்பதையும் எழுதுங்கள்.

அறிகுறி: நோடில் எச்சரிக்கை மட்டும் வந்தது, பிறகு எல்லாம் முறிந்தது

பேக்கேஜ்.ஜேசனில் எஞ்சின்ஸ் பகுதியை எழுதிவிட்டால் தவறான நோட் தடுக்கப்படும் என்று பலர் நம்புகிறார்கள். நோட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் தடுப்பதில்லை. இபேட்எஞ்சின் என்று எச்சரித்துவிட்டு நிறுவிவிடும். எஞ்சின்-ஸ்ட்ரிக்ட் அமைப்பு இயக்கப்பட்டிருந்தால்தான் நிற்கும். அதே வேலையைச் செய்யும் யார்ன் 1 மாறாக, பிழை என்றே நிறுத்தும். ஆகவே ஒரே தொகுப்பு ஒருவருக்கு நிறுவப்படும், மற்றவருக்கு மறுக்கப்படும். உங்கள் திட்டத்தின் டாட்-என்பிஎம்ஆர்சி கோப்பில் எஞ்சின்-ஸ்ட்ரிக்டை இயக்கி வைத்தால், பங்களிப்பாளர்கள் வரையாவது இந்தக் குழப்பம் இருக்காது.

இரண்டு பிழைகளை நோட் பயனர்கள் அடிக்கடி சந்திக்கிறார்கள்.

"இஆர்ஆர்_ஓஎஸ்எஸ்எல்_இவிபி_அன்சப்போர்ட்டட்": நோட் 17 முதல் உள்ளே இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க நிரலகம். ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒன்றாகத் தொகுக்கும் வெப்பேக் 4 தன் ஹேஷுக்கு எம்டி4 என்ற பழைய முறையைப் பயன்படுத்துகிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் 3 அதை இயல்பில் தருவதில்லை. நோட்_ஆப்ஷன்ஸில் "--ஓப்பன்எஸ்எஸ்எல்-லெகசி-புரொவைடர்" சேர்த்தால் பில்ட் ஓடும். அது அன்றைய வேலையை முடிக்க மட்டும். வெப்பேக் 5க்கு நகர்வதே தீர்வு. ஆவணத்தில் "நோட் 16 வரை" என்று எழுதி விட்டுவிடுவதும் பயனருக்கு உதவாது, ஏனென்றால் நோட் 16இன் ஆதரவு 2023 செப்டம்பர் 11 அன்றே முடிந்துவிட்டது.

"நோட்_மாட்யூல்_வெர்ஷன் 108க்குக் கம்பைல் ஆனது, 115 தேவை": ஒரு நேட்டிவ் ஆட்ஆன் (சி போன்ற மொழியில் எழுதிக் கம்பைல் செய்த துணைத்தொகுப்பு) நோட் 18இல் கட்டப்பட்டு 20இல் ஏற்றப்படுகிறது. இந்த எண் நோட் 16க்கு 93, 18க்கு 108, 20க்கு 115, 22க்கு 127. "என்பிஎம் ரீபில்ட்" போடுங்கள். சரியாகாவிட்டால் நோட்_மாட்யூல்ஸ் அடைவை அழித்து மீண்டும் நிறுவுங்கள். பராமரிப்பாளர் நோட்-ஏபிஐக்கு மாறினால் இந்தக் கட்டுப்பாடு விலகும், அதன் பைனரி இடைமுகம் நோட் பதிப்புகளைத் தாண்டி நிலையானது.

அறிகுறி: ஜாவாவில் "அன்சப்போர்ட்டட்கிளாஸ்வெர்ஷன்எரர்"

செய்தியில் உள்ள எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு கிடைக்கும். 52 என்றால் 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. செய்தியில் இரண்டு எண்கள் இருக்கும்: கோப்பு எதற்காகக் கட்டப்பட்டது, ஓடும் ஜாவா எதுவரை ஏற்கும். ஜாரில் உள்ள ஒரு கிளாஸை "ஜாவாபி -வெர்போஸ்" கொண்டு பார்த்தும் உறுதிசெய்யலாம்.

இதைவிடச் சிக்கலானது அடுத்தது. ஆவணம் ஜாவா 8 என்கிறது, கிளாஸ் எண்ணும் 52தான். ஆனாலும் ஜாவா 8இல் ஓடும்போது பைட்பஃபரின் ஃப்ளிப் மெத்தட் இல்லை என்று "நோசச்மெத்தட்எரர்" வருகிறது. ஜாவா 9இல் பைட்பஃபர் தனக்கென ஒரு ஃப்ளிப்பைப் பெற்றது; அதற்கு முன்பு அது பஃபர் என்ற மேல்வகுப்பில் இருந்தது. புதிய ஜேடிகேயில் (ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்பு) "-சோர்ஸ் 8 -டார்கெட் 8" என்று கம்பைல் செய்தால் பைட்கோடு மட்டும் 8க்கு வருகிறது. நிரலகத்தைக் கம்பைலர் புதிய ஜேடிகேயிலிருந்தே பார்க்கிறது. ஜேடிகே 9இல் வந்த "--ரிலீஸ் 8" இரண்டையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். மேவனில் மேவன்.கம்பைலர்.ரிலீஸ் என்ற பண்பு அதற்குத்தான். பழைய பதிப்புகளை ஆதரிப்பதாகச் சொல்லும் எந்தத் திட்டமும் சோர்ஸ், டார்கெட் இரண்டையும் நீக்கிவிட்டு இதற்கு மாற வேண்டும். அந்தப் பழைய ஜாவாவிலேயே ஒருமுறை சோதனையையும் ஓட்ட வேண்டும்.

"கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65 ஆதரிக்கப்படவில்லை" என்று ஜாவா பில்ட் கருவியான கிரேடில் சொன்னால் உங்கள் நிரலில் தவறில்லை. கிரேடில்தான் பழையது. ஜாவா 21இல் கிரேடில் ஓட 8.5 வேண்டும், 17க்கு 7.3. "கட்டுவதற்குத் தேவையான ஜாவா", "ஓடுவதற்குத் தேவையான ஜாவா" என்று ஆவணத்தில் இரண்டு தனி வரிகள் வையுங்கள்.

அறிகுறி: "ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை"

மொழியின் ரன்டைம் சரி, அதற்கும் கீழே உள்ள சி நிரலகம் பழையது. ஒரு பைனரியைப் புதிய லினக்ஸில் கட்டினால், அது அங்குள்ள ஜிலிப்சியின் எண்களைப் பிடித்துக்கொள்ளும். 2.34இல் திரெட்களைக் கையாளும் பிதிரெட் தனி நிரலகமாக இல்லாமல் லிப்சியோடு சேர்ந்தது. நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறும் அதில் புதிய எண் பெற்றது, அதனால் எளிய நிரல்கள்கூட அந்த எண்ணைக் கேட்கின்றன. உபுண்டு 20.04இல் 2.31, 22.04இல் 2.35, டெபியன் 12இல் 2.36, ரெட்ஹேட் 8இல் 2.28. நோட் 18இன் அதிகாரபூர்வ பைனரிகளே 2.28 கேட்பவை, சென்ட்ஓஎஸ் 7இன் 2.17இல் அவை ஓடாது.

ஜிலிப்சியை மட்டும் கையால் உயர்த்த முயலாதீர்கள், கணினியின் எல்லா நிரல்களும் அதன்மேல்தான் நிற்கின்றன. தனக்கான நிரலகங்களோடு தனித்து ஓடும் கன்டெய்னரில் ஓட்டுங்கள் அல்லது மூலத்திலிருந்து கட்டுங்கள். பராமரிப்பாளர் ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய லினக்ஸிலேயே பைனரியைக் கட்ட வேண்டும். பைத்தான் வீல்களுக்கு மெனிலினக்ஸ்2014 என்ற பெயர்க்குறி குறைந்தபட்ச ஜிலிப்சி 2.17ஐக் குறிக்கும், மெனிலினக்ஸ்_2_28 தன் எண்ணைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. சிஐயில் "உபுண்டு-லேட்டஸ்ட்" என்று போட்டு வெளியீட்டுப் பைனரியைக் கட்டாதீர்கள். அந்தப் பெயர் ஒருநாள் அடுத்த உபுண்டுவுக்கு நகரும், உங்கள் குறைந்தபட்ச ஜிலிப்சியும் யாருக்கும் சொல்லாமல் உயர்ந்துவிடும். ஆல்பைன் லினக்ஸில் இருப்பது ஜிலிப்சியே அல்ல, மசல் என்ற வேறொரு சி நிரலகம். அதற்கு ஆவணத்தில் தனி வரி வேண்டும்.

அறிகுறி: கோ, ரஸ்ட் திட்டங்களில் கோப்பைப் படிக்கும்போதே பிழை

பழைய கோ "1.21.0 செல்லாத பதிப்பு" என்று கோ.மாட் கோப்பின் பதிப்பு வரியைக் குறை சொன்னால், 1.21இலிருந்து அந்த வரியில் மூன்றாம் எண்ணும் வரலாம் என்பது அதற்குத் தெரியவில்லை. முன்பு அந்த வரி ஒரு பரிந்துரை, 1.21 முதல் கட்டாயக் குறைந்தபட்சம். 1.21 அல்லது அதற்குப் பிந்தைய கோ, தேவையான டூல்செயினை (கம்பைலரும் துணைக்கருவிகளும்) தானே இறக்கிக்கொள்ளப் பார்க்கும். கோடூல்செயின்=லோக்கல் என்று இருந்தால் மறுத்துவிடும், கோவின் டாக்கர் இமேஜ்கள் அப்படித்தான் அமைந்தவை. ஒரு டிபெண்டென்சியை உயர்த்தும்போது உங்கள் கோ.மாட்டின் பதிப்பு வரியும் சேர்ந்து உயரக்கூடும். மதிப்பாய்வில் அந்த ஒரு வரியை எப்போதும் பாருங்கள்.

ரஸ்டில், டிபெண்டென்சிகளின் பதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பின் 4ஆம் வடிவம் 1.78க்கு முந்தைய கார்கோவுக்கு (ரஸ்டின் கட்டும் கருவி) புரியாது. கார்கோ.டாம்லில் ரஸ்ட்-வெர்ஷன் எழுதியிருந்தால் (1.56 முதல்) பிழை தெளிவாகத் தேவையான எண்ணைச் சொல்லும். 1.84இலிருந்து கார்கோ டிபெண்டென்சிகளைத் தேர்வதிலும் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்கும்படி அமைக்கலாம். உண்மையான குறைந்தபட்சம் எதுவென்று தெரியாவிட்டால் கார்கோ-எம்எஸ்ஆர்வி தேடிக் கொடுக்கும்.

அறிகுறி: சிஐ பச்சை, பயனருக்குச் சிவப்பு

சிஐ அமைப்பு எழுதப்பட்ட யாமல் கோப்பைத் திறந்து எண்களுக்கு மேற்கோள் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மேற்கோள் இல்லாத 3.10ஐ யாமல் தசம எண்ணாகப் படித்து 3.1 ஆக்கிவிடும். பைத்தானில் 3.1 கிடைக்காது என்பதால் பிழை உடனே தெரியும். நோட் 20.10 என்று எழுதியிருந்தால் 20.1 ஆகி, அது இருக்கிற பதிப்பு என்பதால் சத்தமில்லாமல் ஓடிப் பச்சையும் காட்டும். எல்லாப் பதிப்புகளையும் "3.10" என்று மேற்கோளுக்குள் எழுதுங்கள், ஒவ்வொரு வேலையின் முதல் படியிலும் ரன்டைம் எண்ணை அச்சிடுங்கள்.

அடுத்து, பல பைத்தான்களில் சோதனைகளை ஓட்டும் கருவியான டாக்ஸ். ஸ்கிப்_மிஸ்ஸிங்_இன்டர்ப்ரெட்டர்ஸ் உண்மை என்று இருந்தால், கணினியில் இல்லாத பைத்தான்களைத் தாண்டிச் சென்றுவிடும். சொந்தக் கணினியில் அது வசதி; சிஐயில் அணைத்து வையுங்கள். தோற்றாலும் தொடரச் சொல்லும் கன்டினியூ-ஆன்-எரர் போட்ட வேலைகளையும் "சோதித்தவை" பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, கீழ்வரம்பு. சிஐ எப்போதும் டிபெண்டென்சிகளின் அண்மைய பதிப்புகளையே நிறுவுகிறது. மெட்டாடேட்டாவில் எழுதிய குறைந்தபட்ச எண்களை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. பிப் போன்ற நிறுவும் கருவியான யூவியின் "--ரெசல்யூஷன் லோயஸ்ட்-டைரக்ட்" கொண்டு, மிகப் பழைய ரன்டைமில் ஒரு வேலையைச் சேர்த்தால் அந்த எண்கள் உண்மையா என்று தெரியும். முதல் ஓட்டத்தில் பெரும்பாலும் தோற்கும். ஓடும் எண் வரும்வரை கீழ்வரம்பை உயர்த்துங்கள்.

அறிகுறி: ஆவணத்தில் அட்டவணை இருக்கிறது, யாருக்கும் பதில் கிடைக்கவில்லை

"ஆதரிக்கிறது" என்ற ஒற்றைச் சொல் மூன்று விஷயங்களை மறைக்கிறது: நிறுவ அனுமதிப்பது, சிஐயில் சோதித்தது, பிழை வந்தால் திருத்தித் தருவது. அட்டவணையில் இவை பிரிந்திருக்க வேண்டும். ஒரு கற்பனைத் தொகுப்புக்கு:

| வெளியீடு | குறைந்தபட்ச பைத்தான் | சோதித்தவை | முறிவது தெரிந்தவை | திருத்தங்கள் |
|---|---|---|---|---|
| 3.0 முதல் | 3.10 | 3.10 முதல் 3.13 வரை | இல்லை | எல்லாம் |
| 2.4 முதல் 2.9 வரை | 3.8 | 3.8 முதல் 3.12 வரை | 3.13: சிஜிஐ நீக்கம் | பாதுகாப்பு மட்டும் |
| 2.0 முதல் 2.3 வரை | 3.8 | 3.8 முதல் 3.11 வரை | 3.12: டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கம் | இல்லை |

வரிசைகள் பெரிய பதிப்புகளோடு நிற்காமல், பொருத்தம் மாறிய இடத்தில் பிரிவதைக் கவனியுங்கள். பைத்தான் வலைச் சட்டகமான ஜாங்கோவின் அட்டவணை இதற்கு நல்ல முன்மாதிரி: 4.2க்குப் பைத்தான் 3.8 முதல் 3.12 வரை என்று சொல்லி, 3.12 மட்டும் 4.2.8இலிருந்து என்று குறிக்கிறது. 4.2.5 வைத்திருப்பவருக்கு அந்தச் சிறு குறிப்பு மட்டும்தான் பதில். "அண்மையது", "தற்போதைய எல்டிஎஸ்" (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) போன்ற சொற்களை அட்டவணையில் விடாதீர்கள். படிக்கும் நாளில் அவை வேறு எண்ணாகியிருக்கும்.

அட்டவணையைக் கையால் மட்டும் பராமரித்தால் அடுத்த வெளியீட்டிலேயே பின்தங்கும். மெட்டாடேட்டா, வகைப்பாட்டு வரிகள், டாக்ஸ், சிஐ ஆகியவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் செக்-பைத்தான்-வெர்ஷன்ஸ் என்ற கருவி இருக்கிறது. அதைச் சிஐயில் ஒரு படியாக வைத்து, முரண் இருந்தால் தோற்கச் செய்யுங்கள். வேறு மொழிகளில் இதே சரிபார்ப்பை ஒரு சிறு நிரலாக எழுதிக்கொள்ளலாம்.

அறிகுறி: ஒரு பழைய பதிப்பைக் கைவிட்டதும் அதே நாளில் சின்டாக்ஸ் பிழைப் புகார்கள்

புதிய தொடரமைப்பை நிரலில் சேர்த்துவிட்டு ரிக்வயர்ஸ்-பைத்தானை உயர்த்த மறந்த வெளியீடு இது. பழைய பைத்தான் பயனருக்கும் பிப் இதையே எடுத்துக் கொடுக்கிறது. சரியான வரிசை: கீழ்வரம்பை உயர்த்துவது முதல் கமிட், சிஐயிலிருந்து பழையதை நீக்குவது அடுத்தது, புதிய தொடரமைப்பு அதற்குப் பிறகே. எப்போது கைவிடுவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் ஆதரவு உண்டு. அறிவியல் நிரலகங்கள் பின்பற்றும் ஸ்பெக் 0 என்ற பொதுப் பரிந்துரை மூன்று ஆண்டுகள் என்று வைத்திருக்கிறது. எதைத் தேர்ந்தாலும் சரி, மாற்றப் பதிவில் கைவிட்ட எண், அதை ஆதரித்த கடைசி வெளியீடு இரண்டும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

தவறான வெளியீடு ஏற்கெனவே போய்விட்டது என்றால் அதை அழிக்காமல் யாங்க் செய்யுங்கள். "==" போட்டு அதையே பிடித்துவைத்தவர்களுக்கு அது தொடர்ந்து கிடைக்கும், மற்றவர்களுக்குப் பிப் தராது. பிறகு கீழ்வரம்பைத் திருத்தி அடுத்த எண்ணில் வெளியிடுங்கள். பழைய பைத்தானில் ஒரு வெற்றுச் சூழல் உருவாக்கி, எண் எதுவும் சொல்லாமல் நிறுவிப் பாருங்கள்: முந்தைய வரிசையின் கடைசி வெளியீடு இறங்க வேண்டும்.